வளர்பிறையில் ஒரு பாத்தி

1961 நவம்பர் 10, பூம்பாறை

இந்த நோட்டில் இப்படி எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கேட்பதென்றால் தமயந்தி மேடத்திடம்தான் கேட்க வேண்டும். கல்லூரியின் கடைசி நாளில், "செடியின் அளவு மட்டும் எழுது வேலுத்தாய், மனசில் பட்டதையெல்லாம் எழுதாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். இடது பக்கம் அளவுக்கு. வலது பக்கம் வெறுமனே கிடக்கிறதே என்று எழுதுகிறேன்.

நேற்று மேடத்தின் கடிதம் வந்தது. வருகிற ஜூனில் தாவரவியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர் இடம் ஒன்று காலியாகிறதாம். ஏப்ரல் பதினைந்துக்குள் அப்பாவின் சம்மதக் கடிதம் வந்தால் என் பெயரைச் சொல்லுவாராம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த ஊரில் பி.எஸ்ஸி. முடித்தவள் நான் ஒருத்திதான். மூன்று வருடம் மதுரையில் வைத்துப் படிக்க வைத்தார். வந்து ஐந்து மாதத்தில் மறுபடியும் அனுப்புங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அவருக்கு இதுவரை நான் என்ன செய்துவிட்டேன்? கடிதத்தை மடித்து டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 13

இன்று ஒன்று கேட்டேன். கடிதத்தைப் பற்றி இல்லை.

தீபாவளி முடிந்து பூமி ஈரமாகத்தான் இருக்கிறது. மண் தயார், விதைப் பூண்டு தயார். ஆனால் திருக்கார்த்திகை கழிந்து தேய்பிறை வரும்வரை யாரும் நட மாட்டார்கள். அப்பாவிடம் ஏன் என்று கேட்டேன்.

"வளர்பிறையில நட்டா மேல எலையும் தாளுமாத்தான் வளரும் தாயி. தேய்பிறையில நட்டாத்தான் பூண்டு மண்ணுக்குள்ள எறங்கும்."

"நட்டுப் பாத்திருக்கீங்களாப்பா?"

"எவன் நடுவான்?"

அப்படியானால் ஒருவருமே பார்த்ததில்லை. மேட்டில் ஒரு பாத்தியை எனக்குக் கொடுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துப் பார்த்தார். பிறகு, "நட்டுக்க" என்றார். இத்தனை வருட வழக்கத்தில் எனக்காக ஒரு பாத்தியை விட்டுக்கொடுத்துவிட்டார். நன்றி என்று சொல்லத் தெரியாமல் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 15

நட்டாயிற்று. அம்மா பல் பல்லாகப் பிரித்துக் கொடுக்க, நான் ஊன்றினேன். வேறு யாரும் வரவில்லை, நாளில்லாத நாளில் யார் வருவார்கள்? ஒரே ஒரு பாத்திக்கு மத்தியானம் வரை ஆனது.

அப்பாவின் தம்பி சேனாதிபதி சித்தப்பா வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். "என்ன வேலுத்தாயி, நிலாவுக்குக் காயிதம் போட்டுக் கேட்டியா? பதில் வந்திருச்சா?"

எனக்கு முகம் சுட்டது. அம்மாதான் நிமிராமலே சொன்னாள்: "உங்களுக்குச் சோலி இல்லைன்னா கூடைய எடுத்துட்டு எறங்குங்க கொழுந்தனாரே." அவர் போய்விட்டார்.

நவம்பர் 25

தேய்பிறை. ஊரே வயலில். பக்கத்துப் பாத்தியை, இதே அளவு, இதே மண், இதே எருவில், பதினான்கு பெண்கள் சேர்ந்து நட்டு முடிக்கக் கண் மூடித் திறக்கும் நேரம்தான் ஆனது. நாளை பதிலுக்கு நாங்கள் பக்கத்து வீட்டு அன்னக்கொடி அக்கா வயலுக்குப் போக வேண்டும், மறுநாள் சித்தப்பா வயலுக்கு. பிறை பூண்டை மண்ணுக்குள் இறக்குகிறதோ இல்லையோ, பெண்களை வீட்டை விட்டு இறக்குகிறது. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? வலது பக்கத்திலேயே இருக்கட்டும்.

அன்னக்கொடி அக்கா என் பாத்தியின் முளையைப் பார்த்துவிட்டு, "பரவால்லடி, உன் நிலா கண்ணு தொறந்திருச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

1962 ஜனவரி 9

இரவு உறைபனி. இரண்டு பாத்தியிலும் தாள் நுனி வெந்ததுபோல் இருக்கிறது. சமமாக வெந்திருக்கிறது. அது ஒரு ஆறுதல்.

ஜனவரி 23

அப்பா தைப்பூசத்துக்குப் பழனி போய் வந்து இரண்டு பாத்தியிலும் திருநீறு தூவினார். சமமாகத் தூவினீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பிப்ரவரி 4

எட்டுக் கிரகமும் ஒரே வீட்டில் கூடுகிறதாம், உலகம் இன்றோடு முடிகிறதாம். இரண்டு நாளாக ஊரில் அடுப்புப் புகைகூடச் சரியாக எழும்பவில்லை. எல்லோரும் வேலப்பர் கோயிலில். அப்பாவும் அங்கேதான்.

ஆனால் இன்று தண்ணீர் பாய்ச்சும் நாள். ஒரு பாத்திக்கு முந்தாநாள் முறை வந்துவிட்டது. இன்னொன்றுக்கு விட்டுப்போனால் மூன்று மாத உழைப்பு வீண். யாருக்கும் சொல்லாமல் போனேன். பயமாகத்தான் இருந்தது. படித்தவளுக்குப் பயம் இருக்கக் கூடாதா என்ன? பாதி பாய்ச்சும்போது பின்னால் வாளிச் சத்தம். அம்மா!

"கோயிலுக்குப் போகலையாம்மா?"

"ஒலகம் அழியுறதுன்னா எம்புள்ள நிக்கிற எடத்துல நின்னு அழிஞ்சுட்டுப் போறேன். வெரசா ஊத்து."

பிப்ரவரி 6

உலகம் அழியவில்லை. சேனாதிபதி சித்தப்பா, எப்படியும் போகப் போகிறோமே என்று முந்தாநாள் முட்டையிடும் கோழியை அடித்துக் குழம்பு வைத்துவிட்டாராம். காலையில் எழுந்து காலிக் கூட்டைப் பார்த்து, "பாழாப்போன கெரகம், என் கோழியத் தின்னுருச்சே!" என்று ஒரே புலம்பல். சித்தி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மார்ச் 17

அளவு இடது பக்கத்தில் இருக்கிறது, இங்கேயும் எழுதுகிறேன். இரண்டையும் நட்ட நூற்றுப் பன்னிரண்டாம் நாளில் பிடுங்கி, பத்து நாள் உலர்த்தி எடை போட வேண்டும். என் பாத்தி முடிந்தது. தேய்பிறைப் பாத்தி இன்றுதான் பிடுங்கினோம், உலர வேண்டும். ஆனால் கண்ணுக்கே தெரிகிறது. என்னுடையது பெரிது.

மார்ச் 27

பொன்னுவேல் அண்ணன் டீக்கடைத் தராசில், புதிதாக வந்த கிலோப் படிக்கல்லை வைத்து, பாத்திக்கு நூறு பூண்டு நிறுத்தேன். வளர்பிறை: மூன்று கிலோ நூறு கிராம். தேய்பிறை: இரண்டு கிலோ நானூறு.

அப்பா என் பூண்டு ஒன்றை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "அடுத்த போகத்துக்கு நான் வளர்பிறையிலதான் நடப்போறேன்" என்றார். சித்தப்பாகூட, "அப்ப எனக்கும் ஒரு நாளு பாத்துச் சொல்லு தாயி" என்றார். வரும் வழியெல்லாம் அப்பாவின் நடையே வேறாக இருந்தது.

நாளை கடிதத்தை எடுத்துக் காட்டிவிடுவேன். இப்போது கேட்கலாம். இப்போது எனக்குக் கேட்க முகம் இருக்கிறது.

மார்ச் 28

கேட்கவில்லை.

காலையில் அம்மா விதைப் பூண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரிதாக இருந்ததையெல்லாம் ஒரு கூடையில் தனியாகப் போட்டாள். எதற்கென்று கேட்டேன்.

"அடுத்த தடவையும் உன் பாத்திக்குப் பெரும்பல்லாப் போடணும்ல?"

"அடுத்த தடவையும்னா?"

"பின்ன? மொதப் பாத்திக்குப் பெரும்பல்லு போட்டாத்தான் வேலப்பர் ஏத்துக்குவாரு. அதுவும் எம்புள்ள மொதமொத நடுது. ஒவ்வொண்ணாப் பாத்து எடுத்தேன். பொடிசுபொட்டெல்லாம் அந்தப் பாத்திக்குப் போச்சு."

அவ்வளவுதான். பெரிய பல்லை ஊன்றினால் பெரிய பூண்டு. இதில் பிறை எங்கே வந்தது? மண்ணைச் சமமாக வைத்தேன், எருவைச் சமமாக வைத்தேன், உலகம் அழியும் நாளிலும் தண்ணீரைச் சமமாக ஊற்றினேன். பல்லைப் பார்க்கவில்லையே! அம்மா கையிலிருந்து வாங்கியதால் பார்க்கத் தோன்றவில்லை. அம்மா கொடுப்பதை யார் அளந்து பார்ப்பார்கள்?

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 29

சொல்லாமல் விட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? அப்பா சந்தோஷமாக இருக்கிறார். ஏப்ரல் பதினைந்துக்கு இன்னும் பதினேழு நாள். கடிதத்தைக் காட்டி, கைநாட்டு வாங்கி, போய்ச் சேர்ந்த பிறகு எழுதிச் சொல்லலாமே—

ஆனால் அவர் முழு வயலையும் வளர்பிறையில் நடுவார். சித்தப்பாவும் நடுவார். நாளில்லாத நாள் என்று ஒருத்தியும் உதவிக்கு வரமாட்டாள். அம்மா தனியாகக் குனிந்து அத்தனையும் நட வேண்டும். பூண்டும் இறங்காமல் போனால்? எனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக நம்பி.

மார்ச் 30

சொல்லிவிட்டேன். அப்பா பூண்டுத் தாளைப் பின்னிக் கட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, அது பிறை இல்லப்பா. பல்லு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவே இல்லை.

"அப்ப தேய்பிறைதான் சரிங்கிறியா?"

"தெரியலப்பா."

"வளர்பிறை?"

"அதுவும் தெரியலப்பா. சரியா நட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

பூண்டுக் கட்டை முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார். எனக்கு அழுகையாக வந்தது. ஊர் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேனே. இனி எதைக் கேட்பது? கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று பெட்டியைத் திறந்தேன். கிழிக்கவில்லை. மேடத்தின் கையெழுத்து அவ்வளவு அழகு.

மார்ச் 31

டீக்கடையில் நடந்ததை அன்னக்கொடி அக்கா வந்து சொன்னாள். அப்பா போய் நின்று, "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. பல்லு பெருசாப் போயிருச்சாம். எது சரின்னு இன்னும் தெரியலைன்னு எம்மக சொல்லுது" என்றாராம். சேனாதிபதி சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்து, "மூணு வருசம் படிச்சுட்டு வந்து தெரியலைங்குதா!" என்றாராம்.

அதற்கு அப்பா: "படிக்காமயே எல்லாந் தெரிஞ்சவன் நீ. அதான் கோழியத் தின்ன."

கடையே அதிர்ந்ததாம். பொன்னுவேல் அண்ணன் பாலைக் கீழே ஊற்றிவிட்டாராம்.

இதை எழுதும்போதுதான் அழுகிறேன். இது வேறு அழுகை.

ஏப்ரல் 8

இன்று வெள்ளனே எழுந்து, தைரியம் போவதற்குள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "என்னைக்கு வந்துச்சு?" என்றார். நவம்பரில் என்றேன். "அஞ்சு மாசமாவா சேலைக்கடியில கெடக்கு?" என்றார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 9

பதில் இல்லை.

ஏப்ரல் 10

சாயங்காலம் வந்தவர் மையைக் கொண்டுவா என்றார். கைநாட்டு வைத்த பிறகு கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த அம்மாகிட்டப் போனா, பிறை விசயம் தெரிஞ்சுருமா?"

"எப்படிப் பாக்கணும்னு தெரியும்பா."

"ம்."

பிறகு கோயில் பூசாரியிடம் போய் நான் கிளம்ப நாள் பார்த்து வந்தார். ஜூன் எட்டு. வளர்பிறை. நான் சிரித்ததைப் பார்த்து, "பூண்டுக்குத்தான் தெரியாது. பொம்பளப்புள்ள பயணத்துக்குத் தெரியும்" என்றார். அவரும் சிரித்தார்.

ஜூன் 20, மதுரை

இங்கே வெயில். பூண்டு லாரியில் கோடைக்கானல் வரை வந்து, பஸ் மாறி, விடுதி வாசலில் இறங்கும்வரை ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மேடம் இந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வலது பக்கத்தையும் படித்துவிட்டார். கூச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இந்தப் பக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கத்துத் தவறு தெரிந்திருக்காதே" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அப்பா சொல்லி, பொன்னுவேல் அண்ணன் எழுதிய கடிதம் வந்திருக்கிறது. வரும் வளர்பிறையில் ஒரு பாத்தி, அடுத்த தேய்பிறையில் ஒரு பாத்தி நடப்போகிறாராம். சித்தப்பாவும் இரண்டு பாத்தி தருகிறாராம். வளர்பிறையில் நட யார் வருவது என்று பேச்சு வந்தபோது, அன்னக்கொடி அக்கா நான்கு பேரைக் கூட்டி வருகிறேன் என்றாளாம். எல்லோருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது?

பதில் எழுதினேன். மண், எரு, தண்ணீர், நாள் எல்லாம் எழுதினேன். கடைசி வரியை மட்டும் ரொம்ப நேரம் எழுதாமலே வைத்திருந்தேன். கடிதத்தைக் கடையில் சத்தமாகத்தான் படிப்பார்கள், ஊரே கேட்கும். பரவாயில்லை என்று எழுதிவிட்டேன்:

அம்மா, இந்தத் தடவை எனக்கென்று பொறுக்காதே. எல்லாப் பல்லையும் ஒரே கூடையில் கொட்டிக் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போடு.