திருப்பிப் போடாத நெகட்டிவ்

இன்று காலை நம் போட்டோக் கடை இருட்டறையைத் திறந்தபோது இருந்தவர்கள் மூன்று பேர்: நான், நம் மகன் செந்தில், மருமகள் கோகிலா. நீங்கள் போன பிறகு இப்போதுதான் திறக்கிறோம். கதவை இழுத்ததும் படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாடை வந்தது. கோகிலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மட்டும் என் சமையலறைக்குள் நுழைந்தது போல இருந்தது.

வருஷத் திதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். கடத்தூர்க் கல்யாணங்களையெல்லாம் எடுத்த உங்களுக்கு, என்னோடு நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. நம் கல்யாணப் படங்களைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு படத்திலாவது உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. செந்திலிடம் கேட்கவே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

செந்தில் பெட்டியைக் கிளறி ஒரு பிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தான். "ரெண்டு பேரும் தனித்தனியா இருக்கீங்கம்மா. கம்ப்யூட்டர்ல சேத்துடறேன். யாருக்கும் தெரியாது."

வாங்கிப் பார்த்தேன். "நெழலு எதிரும் புதிருமா இருக்குதுடா. அப்பாவுக்கு ஒரு பக்கம் வெளிச்சம், எனக்கு மறுபக்கம்."

"அப்பாவத் திருப்பிப் போட்டாப் போச்சு."

கோகிலா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அத்தை, எங்கம்மா சொல்றாங்க... உசுரோட இருக்கறவங்க மாலை போடற படத்துல சேரக் கூடாதாம்."

தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் நான். அந்தப் பேச்சைத் தள்ளவும் முடியவில்லை, கொள்ளவும் முடியவில்லை. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு முன்னைப் போல இல்லைங்க.

திருப்பிப் போடுவது என்றதும் பென்னாகரத்து அம்மா நினைவுக்கு வந்தார். இறந்த கணவரின் சின்னப் படத்தைக் கொண்டுவந்து, தன்னோடு சேர்த்துத் தரச் சொன்னாரே, அவர்தான். சிவப்பு விளக்கில் நீங்கள் அந்தக் கணவர் முகத்தைத் தாளின் ஒரு பாதியில் விழவைக்க, மறுபாதியை நான் அட்டையால் மறைத்தேன். பிறகு அந்த அம்மாவின் முகம். தாளில் வெளிச்சம் விழும் நேரத்தை, கடிகாரம் வேண்டாம் என்று, நான் முருகா முருகா என்று எண்ணுவேன். "முருகன் இன்னிக்கு மெதுவா நடக்கறாரு போல, தாள் கருத்துப் போச்சு" என்று சிரிப்பீர்கள். வீணான தாளைக் கணக்கில் எழுதும்போது எனக்குத்தான் சிரிப்பு வராது.

வெளிச்சம் ஒத்துப்போகட்டும் என்று அந்த மனிதரின் நெகட்டிவைத் திருப்பி வைத்தீர்கள். படம் அத்தனை அழகு. வாங்க வந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். "இது யாருங்க?" என்றார். "மச்சம் அந்தப் பக்கமில்ல இருக்கோணும்? எங்க வூட்டுக்காரரு கண்ணாடியில பாத்தாத்தான் இப்படி இருப்பாரு. கண்ணாடியில இருக்கறவரையா நான் கட்டிக்கிட்டேன்?"

நீங்கள் அந்தப் படத்தைத் திரும்ப வாங்கி வைத்தீர்கள். மறுபடி விளக்கைப் போட்டு, திருப்பாமல் அச்சிட்டீர்கள். அந்த மனிதரின் கன்னத்து இருட்டு கொஞ்சம் குறையட்டும் என்று, கம்பியில் செருகிய அட்டையை அந்த இடத்தில் என்னை ஆட்டச் சொன்னீர்கள். "கை நிக்கக் கூடாது. நின்னா அங்க கோடு விழுந்துடும்." அந்த அம்மா இரண்டாவது படத்தை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

இதை நினைத்துக்கொண்டே பிலிமை இன்னொரு முறை பார்த்தேன். அது துண்டு போடாத ஒரே பிலிம். நாம் இருவரும் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கிறோம். புதுக் கேமரா வந்த அன்று கடையில் நான் உங்களை எடுத்தேன். அதை வாங்கி, நின்ற இடத்திலிருந்தே நீங்கள் என்னை எடுத்தீர்கள். நமக்குப் பக்கவாட்டில் இருந்தது ஒரே ஜன்னல். எதிரெதிரே நின்றோம், அதனால்தான் நிழல் மாறியிருக்கிறது. உங்களைத் திருப்பினால் நீங்கள் என்னைப் பார்த்து நின்றது இல்லாமல் போய்விடும்.

செந்திலிடம் சொல்லிவிட்டேன்: "ஒட்டவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். ரெண்டு கட்டத்தையும் பிலிம்ல இருக்கற மாதிரியே பெருசாப் போடு." நடுவில் உள்ள கோடு அப்படியே இருக்கும். கோகிலாவின் அம்மா சொன்னதற்கு அது போதும் என்று நினைக்கிறேன். உங்கள் கட்டத்துக்கு மட்டும் மாலை.

காற்றில் சாமி விளக்கு அணையாமல் மறைக்கும்போது நீங்கள் பழக்கிய என் கை இன்றும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அதைப் பார்த்து கோகிலா பயப்படுகிறாள். நடுக்கம் என்று நினைக்கிறாள் போல.

எனக்கு இதில் சம்மதம். உங்களுக்குச் சம்மதம்தானா? செந்தில் ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் கிளம்புகிறான். அதற்குள் கனவிலாவது வந்து சொல்லிவிடுங்கள்.