சிற்றாற்றுக் குழிச் சண்டை

இன்று காலை சிற்றாற்றுப் படுகையில் கிடந்த ஒரு கல்லைச் சுத்தியலால் உடைத்தேன். உடைந்ததும் ஒரு கருகல் வாடை வருமே, அது வந்தது. நீ இருந்தால் பிடுங்கி மூக்கருகே வைத்துக்கொண்டு, “ஏட்டி, பட்டாசு வாட அடிக்கு” என்றிருப்பாய். பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். வாங்கத்தான் ஆள் இல்லை.

குற்றாலத்தில் சீசன் முடிந்து தண்ணீர் வற்றியதும் நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாறைப் பாடம் அங்கேதான். தென்காசியிலிருந்து போகும் வேனிலேயே பொய்ச் சண்டைக்கு நாம் இருவரும் கட்சி பிரித்துக்கொள்வோம். பாறையில் ஆட்டுரல் மாதிரி வட்டமாக இருக்கும் குழிகளைக் காட்டி, ஒருத்தி மனிதன் கொத்தியது என்பாள். மற்றவள் தண்ணீர் குடைந்தது என்பாள். விடை சொல்லவே மாட்டோம். பிள்ளைகள்தான் குழிக்குள் கையை விட்டுத் துழாவி, சாட்சி தேடி, ஒரு கட்சியில் சேர வேண்டும். நீ சரியான வாயாடி. பொய்க் கட்சி உனக்கு விழுந்த வருடங்களில்கூடப் பாதி வகுப்பை இழுத்துவிடுவாய். ஒருமுறை டீக்கடை அக்கா பதறி ஓடிவந்தாள்.

“என்ன டீச்சர், ஒரு குழிக்குப் போயா இப்படி அடிச்சுக்கிடுதிய? பிள்ளைய எல்லாம் பாத்துட்டு நிக்குல்லா?”

அன்று ஊர் திரும்பும்வரை நமக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

போன ஐப்பசியில் நீ இறந்துபோனாய். உன் வகுப்பையும் என்னோடு சேர்த்துவிட்டார்கள். இந்த வருடம் ஸ்மார்ட் போர்டில் படம் காட்டினால் போதும் என்றார் தலைமையாசிரியை. நான்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். நீ இல்லாமல் இந்தப் பாடம் நடக்குமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நடக்கவில்லை. “இதெல்லாம் மனுசன் உளி வச்சுக் கொத்தினது” என்று உரக்கச் சொல்லிவிட்டு, மறுப்புக்காகக் காத்திருந்தேன். “சரி டீச்சர்” என்றார்கள். ஒருத்திகூடக் குனிந்து பார்க்கவில்லை. இத்தனை பிள்ளைகள் நடுவில் அவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை. அழுகை வந்துவிட்டது.

வேறு வழி தெரியாமல் எதிர்ப்பக்கம் போய், இடுப்பில் கைவைத்து, உன்னைப் போலவே கத்தினேன். “ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? கொத்தினவன் உள்ள எதுக்குக் கூழாங்கல்லப் போட்டுட்டுப் போனான்? கைய விட்டுப் பாரு!”

முதலில் மிரண்டார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் குப்புறப்படுத்துக் குழிக்குள் கைவிட்டார்கள். உருண்டைக் கற்களை அள்ளினார்கள், உட்சுவரைத் தடவினார்கள். “உளி பட்ட தடமே இல்ல டீச்சர். தண்ணி இந்தக் கல்லச் சுத்திச் சுத்திக் குடைஞ்சிருக்கு” என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். நான் என் பக்கம் ஓடி வந்து மறுத்துப் பேசுவேன். அவர்கள் திணறினால் உன் பக்கம் ஓடுவேன். திரும்பும் வழியெல்லாம் வேனில் ஒரே கூச்சல். என் பக்கத்து சீட்டில் என் பையை வைத்திருந்தேன்.

இப்போது தொண்டை கட்டிப்போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். உன் பங்குக்கும் சேர்த்துக் கத்தியதில் வந்தது. இது சீக்கிரம் சரியாகிவிட வேண்டாம் என்று இருக்கிறது.