மைதிலி சனிக்கிழமைகளில் ஜெயிக்க வைத்த அணி

எங்கே இருந்தாலும் என் குரல் கேட்கும் தூரத்தில்தான் இருப்பாய் என்று நான் நம்பும் என் மைதிலிக்கு,

நம் அணி முதல் பிரிவிலிருந்து இறங்கிவிட்டதடி. கடைசி ஆட்டத்திலும் தோல்வி. அடுத்த வருஷம் இரண்டாம் பிரிவில்தான் ஆட வேண்டுமாம். ஹருகோ டீச்சரின் கடிதம் முந்தாநாள் வந்தது. விசில் ஊதியபின் பக்கத்து இருக்கைக் கிழவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டாராம். டீச்சர் உனக்கும் சேர்த்து அழுததாக எழுதியிருக்கிறார்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். அடையாறில் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படிக்கச் சேர்ந்தோம், மாட வீதியிலிருந்து நீ, பட்டினப்பாக்கத்திலிருந்து நான். ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஹருகோ டீச்சர் தன் கடலோர ஊருக்குத் திரும்பிவிட்டார். அந்த ஊர் கால்பந்து அணி என்றால் அவருக்கு உயிர். ஆட்டம் முடிந்த கையோடு பத்திரிகைத் துணுக்கை வெட்டி உனக்கு அனுப்புவார். உனக்கோ பந்து உருண்டையா சதுரமா என்றுகூடத் தெரியாது.

அவர் போனபின் வந்த ஜனவரியில்தான் என் நைனாவுக்கு வாதம் வந்தது. முப்பது வருஷம் கட்டுமரம் தள்ளியவர், சாந்தோம் மணலில் வெறுங்காலால் பந்து ஆடியவர், இடது கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுவார். நான் வகுப்பை விட்டுவிட்டு தி.நகர் துணிக்கடையில் பில் போடப் போனேன். மற்ற நாட்களில் அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்துக்கொண்டார்கள், சனிக்கிழமை மதியம்தான் ஆளில்லை. நீ வந்தாய்.

முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல் பையிலிருந்த துணுக்கை எடுத்துக் காட்டினாயாம். நைனா திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா எழுதிகீது?" என்று கேட்டாராம். அதுதான் ஆரம்பம்.

அதற்கப்புறம் சனிக்கிழமை இரவு நான் வீடு திரும்பினால் நைனா ஆட்டக் கதை சொல்வார். "ஸ்டெல்லா, நம்ம பசங்க இன்னிக்கு டிரா பண்ணிட்டானுங்க." "ஸ்டெல்லா, கொட்ற மழைல கடைசி நிமிஷத்துல ஒன்னு போட்டு ஜெயிச்சிட்டானுங்க." அங்கேயும் மீன்பிடிக்கிற ஊர்தானாம், அதனால் நம்ம பசங்களாம்! சொல்லிக்கொண்டே இரண்டு தோசை சாப்பிட்டுவிடுவார். ஆகஸ்டில் சுவரைப் பிடித்து எழுந்து நின்றார்.

உன் நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை என்பதை நீ ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனாய். நானும் போக விட்டேன். ஏன் விட்டேன் மைதிலி?

அந்த வால்வுக்கான ஆபரேஷனுக்கு முந்தின நாள் எங்கள் கீழ் வீட்டு போனுக்குக் கூப்பிட்டாய். "இன்னிக்கு ஒரு நடை வந்துட்டுப் போயேன்டி." தீபாவளிக் கூட்டம், லீவு தரமாட்டார்கள், சனிக்கிழமை வருகிறேன் என்றேன். "சரி. மாமாவை ஒழுங்கா சாப்பிடச் சொல்லு" என்று நைனாவுக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்துவிட்டாய். கேட்டிருந்தால் லீவு கொடுத்திருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் உன் அம்மா ஒரு பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே அத்தனை துணுக்குகளும் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு மல்லாடினேன். டீச்சர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மறக்காத ஓர் எழுத்து உண்டு, தோல்வி என்பதற்கான எழுத்து. தலைப்புக்குத் தலைப்பு அதுதான் நின்றது. நீ ஜெயித்ததாகச் சொன்ன ஆட்டங்களில் பாதிக்கு மேல் தோற்றவை. மழையில் கடைசி நிமிஷத்தில் ஜெயித்த அந்த ஆட்டம் உள்பட.

இரண்டு நாள் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பொறுக்காமல் நைனாவிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எனுக்குத் தெரியுமே."

"எப்டி நைனா?"

"எழுத்துதான் ஜப்பான்காரன் எழுத்து. நம்பரு நம்ம நம்பருதானே? அது ஒன்னு போட்டு ஜெயிச்சாங்கன்னுது, பேப்பர்ல மூணுக்கு முட்டைன்னு பெருசா போட்டுகீறான். காலுதான் போச்சு, எனுக்குக் கண்ணுமா போச்சு?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அது வெயில்ல வந்து குந்திக்கினு எனக்கோசரம் பொய் சொல்லிக்கினு கீது. அத்தப் போயி இன்னான்னு கேக்கறது?" சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் உன் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிண்டு போவாளே, அப்படி ஒரு கிளாஸே கிடையாதாமே. எங்கடி போவா?" சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்து செருப்பைத் தேடினார். பிறகு, "என்னை அங்க அழைச்சுண்டு போறியா?" என்றார்.

மீன் வலை காயும் சந்து வழியாகப் புடவைத் தலைப்பால் மூக்கை மூடாமல் நடந்து வந்தார். நீ உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பாரோ என்று தயங்கினேன். கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அவ இங்க என்ன பண்ணுவா?" என்று நைனாவைக் கேட்டார்.

நைனா அந்த மழை ஆட்டத்தைச் சொன்னார். "மழ ஊத்துதும்மா. கால் வெச்சா வழுக்குது. ஒரு குட்டைப் பையன் கீறான், இடது காலு. விசில் ஊதப் போறான், அப்போ பாத்து அட்ச்சான் பாரு... உன் பொண்ணு எழுந்து நின்னு, கைய இப்டி வீசிக் காட்டும். ஓன்னு கத்தும். கீழ் வூட்டுல இன்னாமோ ஏதோன்னு ஓடியாந்துட்டாங்க."

"என் பொண்ணா? கத்துவாளா?" அம்மாவின் கண்ணிலிருந்து கொட்டியது. "ஆத்துல வாயையே திறக்க மாட்டாளே அவ."

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, "அப்புறம்?" என்றார்.

நீ சொன்ன கதை அதோடு முடிந்துவிட்டதென்று எனக்குத் தெரியும். நைனா ஒரு கணம் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே சொல்ல ஆரம்பித்தார்.

மைதிலி, மார்ச்சில் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் தொடங்குகின்றன. துணுக்குகளை இனி என் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி டீச்சருக்கு எழுதிவிட்டேன். அம்மா சனிக்கிழமை சனிக்கிழமை வருகிறேன் என்கிறார். கடையில் வாராவாரம் அன்றைக்கு அரை நாள் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். கேட்டவுடனே கொடுத்துவிட்டார்களடி. இனி யாராவது "வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டால் அன்றைக்கே போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
ஸ்டெல்லா