கிராஷ் பார் பூட்டிய நாள்

ஞாயிறு, இரவு

போன மழைக்காலத்தில் சறுக்கி விழுந்து, மோட்டார் சைக்கிளுக்கு அடியில் கால் நசுங்கி முறிந்ததிலிருந்து இவர் அதைத் தொடவேயில்லை. விற்றுவிடுவோம் என்றுகூடச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. பாமன்கடையில் கராஜ் வைத்திருக்கும் நிஸாம் நானாவிடம் சொல்லி, கிராஷ் பார் பூட்ட ஏற்பாடு செய்தேன். இன்று காலையிலேயே அவர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பின்னேரம் நாங்கள் த்ரீவீலில் போனோம்.

என்ஜினின் இரண்டு பக்கமும் வளைந்த இரும்புக் கம்பிகள் நின்றன. இவர் தள்ளி நின்றே பார்த்தார்.

"விழுந்தா இது தாங்குமோ நானா?"

நானா வண்டியை மெதுவாகச் சாய்த்துத் தரையில் கிடத்தினார். கம்பி ஊன்றிக்கொண்டது. வண்டிக்கும் தரைக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது.

"கால வெச்சுப் பாருங்க ரவி தம்பி."

இவர் தரையில் உட்கார்ந்து, முறிந்த அந்தக் காலையே உள்ளே நீட்டினார். வண்டி அதில் படவில்லை. பிறகு எழும்பி, எங்களைத் தொட விடாமல் தானே வண்டியை நிமிர்த்தினார்.

"நீர் த்ரீவீலில வாரும். நான் இதில வாறன்."

வெள்ளவத்தையில் வீடு வரைக்கும் இவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாப்பிடும்போது கேட்டார்: "நாளைக்கு உம்மை வேலைக்குக் கொண்டுபோய் விடட்டோ?"

ஓம் என்றேன். பயம் முழுதாகப் போகவில்லை. மழை பெய்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் நாளைக்கு வண்டியில் ஏறச் சேலை வசதிப்படாது என்று சல்வார் ஒன்றை ஸ்திரிக்கை போட்டு வைத்திருக்கிறேன்.