கணினியில் பத்து விரல்

லூபே, குவீன்ஸ்லாந்தின் இந்த இறைச்சி ஆலை என் விரலைத் திருடிவிட்டது. பயப்படாதே, சுண்டுவிரல்தான். நீயும் மகளும் நலமா?

இங்கே கணினி என் பெயரை மட்டும் வைத்து என்னை அறியாது. எனக்குப் பொறுப்பேற்கும் ஒப்பந்தக்காரரின் குறியீடும் பெயரோடு சேர வேண்டும். போன வாரம் ஒப்பந்தக்காரர் மாறினார். குறியீடும் மாறியது, நான் புது ஆளாகிவிட்டேன்.

காயத்துக்கு விடுப்பு கேட்டேன்.

"வெட்டுப்பட்டது பழைய மனாசே, தம்பி. நீ புது மனாசே, இப்பதானே வந்த?" என்றான் மேற்பார்வையாளன் ட்ரென்ட்.

"கையைப் பாருங்க பாஸ்."

"கம்ப்யூட்டர்ல உனக்குப் பத்து விரலும் இருக்கு. போய்க் கத்தியை எடு."

தேங்காயெண்ணெய் கொஞ்சம் அனுப்பு. மகள் தேவாலயத்தில் பாடுவதையும் பதிவுசெய்து அனுப்பு, தூக்கம் வருவதில்லை.

வேன் வந்துவிட்டது. ட்ரென்ட்டிடம் நேற்றும் கேட்டேன். இன்றும் கேட்பேன்: "அந்தப் பத்தாவது விரலை எடுத்துக் குடுங்க."