உன்னோடு பாடுகிறவள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நலமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பென்டிரைவும் திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. போனில் சொல்லாமல் ஏன் கையால் எழுதினாய் என்று முதலில் புரியவில்லை. படித்த பிறகு புரிந்தது. சிலவற்றை வாய்விட்டுச் சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயம். எனக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் விதி, எப்போதும் படியேறித்தான் போகவேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, தொண்டை சரியில்லாமல் நீ பதினொரு கச்சேரிகளை ரத்து செய்த செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்துக் கொண்டுவந்து காட்டினார். உப்புப் போட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் சொல்லவேண்டுமாம். உன் தொண்டைக்கு ஒன்றுமில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

உன் முதல் பாட்டை நீ பதினான்கு வயதில் எழுதியது, நான் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த வீணான தாள்களின் பின்பக்கத்தில். முன்பக்கம் யாரோ ஒருவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்ற வரைபடம். பின்பக்கம் உன் பாட்டு. சத்தம் வெளியே போகக்கூடாது என்று துணி அலமாரிக்குள் உட்கார்ந்து போனில் பதிவு செய்வாய். சாப்பிடக் கூப்பிட்டால் புடவைகளுக்கு நடுவிலிருந்து தலைமட்டும் எட்டிப் பார்க்கும். பத்தொன்பது வயதில் அந்த அலமாரிப் பாட்டு ஊரார் வாயிலெல்லாம் இருந்தது. கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கே வந்து, உங்க பொண்ணு யார்கிட்ட பாட்டு கத்துக்கிட்டா என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை என்றேன். அது முழு உண்மையில்லை.

நீ எழுதியதை இரண்டுமுறை படித்தேன். கண்ணாடி அறைக்குள் நீ தனியாக நின்று பாடுகிறாய். திரும்பப் போட்டுக் கேட்டால் உன் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். மைக்கை மாற்றினார்கள், ஸ்டுடியோவையே மாற்றினார்கள். ஒலிப்பதிவாளர் அதை அழித்தால் அடுத்த நாள் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. கூட யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்க என்று முதலில் கிண்டல் செய்தவர், இப்போது துணைக்கு ஆள் இல்லாமல் அந்த அறைக்குள் வர மறுக்கிறார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா அம்மா என்று கேட்டிருந்தாய்.

இல்லை கண்ணு. எனக்கும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் பென்டிரைவை எங்கள் காது சோதனை அறையில் போட்டுவிட்டு, ஒலி புகாத கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தனை வருஷமும் நான் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருப்பவர் சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்துவார், நான் குறித்துக்கொள்வேன். அன்றைக்கு நான் உள்ளே. நீ பாட ஆரம்பித்தாய். அரை மூச்சு கழித்து அது வந்தது. வார்த்தை கிடையாது, வெறும் முனகல். முடியும் இடத்தில், கேள்வி கேட்பது மாதிரி லேசாக மேலே ஏறியது. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்த பிறகும் ஒரு மூச்சு நேரம் கேட்டது.

இடைவேளை முடிந்ததும் பாய்லர்காரர் வந்தார். பாய்லர் அறையில் வேலை பார்த்து இரண்டு காதும் போன மனிதர். சான்றிதழுக்காக வருஷம் தவறாமல் வருவார். பதினொரு வருஷமாக ஒருமுறைகூட அவர் பட்டனை அழுத்தியதில்லை. செய்யக்கூடாததுதான், தெரிந்தே செய்தேன். வழக்கமான சோதனை முடிந்ததும் உன் பாட்டை அவருக்குப் போட்டேன். அழுத்தினார். நீ பாடும்போது அல்ல. அந்தக் குரல் தொடங்கும் இடத்தில் மட்டும், ஒன்றுவிடாமல் அழுத்தினார். வெளியே வந்தவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே, காது கேளாதவர்களின் உரத்த குரலில், "யாரும்மா அது? என் தொண்டையில கை வெச்ச மாதிரி இருந்துச்சு. சின்னக் கை" என்றார்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

உனக்கு ஓர் அக்கா இருந்தாள். உன்னைவிட நான்கு வயது பெரியவள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. நான் இந்த வேலைக்குப் படிக்கப் போனதே அவளால்தான். நீ தொட்டிலில் கிடந்து ஏதாவது முனகிக்கொண்டிருப்பாய். அவள் ஓடிவந்து உன் தொண்டையில் உள்ளங்கையை வைப்பாள். அந்த அதிர்வு கைக்குத் தெரிந்ததும் அவளும் முனகுவாள், அரை மூச்சு பின்தங்கி. கடைசியில் கேள்வி கேட்பது மாதிரி மேலே ஏறும். அவள் வாயிலிருந்து வந்த ஒரே சத்தம் அதுதான். அது உனக்காக மட்டும்தான் வரும். நான் கழுத்தை நீட்டினால் சிரித்துவிட்டு ஓடிவிடுவாள்.

அவளுக்கு ஆறு வயது, உனக்கு இரண்டு. ஒரு காலை வேளை. முதலில் தெருவுக்குப் போனது நீ. உன்னைப் பிடிக்க அவள் வந்தாள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார். உன்னைத் தள்ளிவிட்டாள். உனக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

நாங்கள் வீடு மாறினோம். உனக்குச் சொல்வதில்லை என்று நானும் அப்பாவும் முடிவு செய்தோம். இருபத்திரண்டு வருஷமாக அப்பா அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நேற்று அவர் சாப்பிட வந்தபோது, ஒன்றும் சொல்லாமல் உன் பாட்டைப் போட்டேன். கையில் இருந்த ஸ்பானரோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமா வையேன் என்றார்.

பாடுவதை நிறுத்திவிடாதே. அவளை அழிக்கவும் சொல்லாதே. எங்கள் மேல் கோபம் இருந்தால் அது நியாயமான கோபம்தான். திட்டியாவது நாலு வரி எழுது.

உன் அம்மா


அன்பு மகளுக்கு,

நாற்பது நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் நீ எடுக்கவில்லை. குறை சொல்லவில்லை. நான் இருபத்திரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன், நீ நாற்பது நாள் எடுத்துக்கொள்ளக்கூடாதா?

நீ மறுபடி பாடத் தொடங்கிவிட்டாய் என்பதைத் தையல்காரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உப்புத் தண்ணீர் கேட்டுச்சு பாத்தீங்களா என்று அவருக்குப் பெருமை. ஆல்பம் வந்த அன்றைக்கே அப்பா கடைக்குப் போய் வாங்கிவந்தார். உறையின் பின்பக்கத்தில் பாடியவர்கள் என்ற இடத்தில் உன் பெயருக்குக் கீழே 'அக்கா' என்று போட்டிருக்கிறாய். அதை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். பிறகு சட்டை மாற்றப் போவதாகச் சொல்லி உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை.

ஊரெல்லாம் அந்த முனகலைப் பற்றித்தான் பேச்சு. புதுமாதிரியான உத்தி என்று ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வார்டு நர்ஸ் அந்தப் பாட்டைக் கேட்டால் கழுத்து கூசுகிறது என்று ஸ்கார்ப் சுற்றிக்கொண்டு கேட்கிறாள். எனக்கும் கூசத்தான் செய்கிறது. நான் ஸ்கார்ப் சுற்றுவதில்லை.

கடைசிப் பாட்டைப் பற்றித்தான் எழுதவேண்டும். அது யாருக்கு எழுதியது என்று ஊருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெருவைப் பற்றி எழுதியிருக்கிறாய், முழங்கையைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவள் முதல் வரியிலிருந்து உன்னோடு வருகிறாள். இதுவரை இல்லாத தெளிவு. 'என்னால்தான் நீ போனாய்' என்ற வரி வரும்போது மட்டும் நின்றுவிடுகிறாள். அந்த இடத்தில் உன் குரல் ஒன்றுதான். அடுத்த வரிக்கு மறுபடி வருகிறாள். மூன்று தடவை அந்த வரியைப் பாடுகிறாய். மூன்று தடவையும் அவள் இல்லை.

பதிவில் கோளாறு என்று நினைத்துக் கூண்டுக்குள் எடுத்துப்போய்க் கேட்டேன். கோளாறு இல்லை. மூன்றாவது தடவை அந்த வரி வந்தபோது, என் தொண்டையில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. சின்னக் கை, சில்லென்று. அழுத்தவில்லை. என் வாயிலிருந்து ஏதோ வரவேண்டும் என்று காத்திருப்பதுபோல் சும்மா இருந்தது. அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அவள் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் என் தொண்டையைத் தொட்டதில்லை.

எனக்குப் பாட வராது. ஆனால் அவள் எதற்குக் காத்திருந்தாள் என்று புரிந்தது. முதல் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். இரண்டு வயதுக் குழந்தைக்குக் கம்பிக்கதவின் தாழ்ப்பாள் எட்டாது. அன்றைக்குக் காலையில் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நான் அதைப் போடாமல் போனேன். அப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். தான் போட மறந்துவிட்டதாகத்தான் இன்றுவரை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் நினைக்கவிட்டேன். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவரிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன்.

அதற்குப் பிறகு இந்த வீடு எப்படி இருக்குமோ தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஒரு வரியை மாற்றிவிடு, தங்கமே. அது உன்னுடைய வரி இல்லை.

நீ நன்றாக இரு. நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள்.

அம்மா