பேச்சிராக் கிராமத்தில் எடுத்த படங்கள்

10.1.99, ஞாயிறு

எட்டு மணி வரை பனி. பனமலை ஏரி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. மலைமேல் உட்கார்ந்து ஒன்பதரைவரை காத்திருந்தேன். 14 படம். கோயில் சுவரில் குடைக்குக் கீழே சாய்ந்து நிற்கும் பெண். பாதி உதிர்ந்துவிட்டாள். மீதிப் பாதியே போதும், கண்ணை எடுக்க முடியவில்லை. அந்தச் சிவப்பு எதில் அரைத்தது? யாரிடம் கேட்பது?

இறங்கும்போது மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுக்கிற பெண்கள்.

"இன்னாத்த படம் புடிக்கிற? மேல ஆளே இல்லியே."

இன்னொருத்தி: "ஆளு இருந்தா காசு கேக்கும்டி. கல்லு கேக்குமா?"

ஒரே சிரிப்பு. உண்மைதான். வாரம் முழுக்க ஸ்டுடியோவில் மனித மூஞ்சி. ஞாயிற்றுக்கிழமைக்குக் கல் போதும்.

செருப்பு வார் அறுந்தது. விழுப்புரம் பஸ்சில் கடைசிவரை நின்றுகொண்டே.

12.1, செவ்வாய்

பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஒரு தலையாரி வந்தார். தலை வாரிக்கொண்டே, "பழைய கட்டடமா தேடிக்கினு சுத்துறியாமே. அவுரிமேடு போ. வெள்ளக்காரன் கட்டுன தொட்டி கீது. பேச்சிராக் கிராமம்" என்றார்.

பேச்சே இல்லாத கிராமமா என்றேன். மனிதர் சிரித்த சிரிப்பில் ஒரு படம் வீண்.

ரெவின்யூ கணக்கில் அப்படி ஒரு பிரிவாம். பெயர் இருக்கும், எல்லைக்கல் இருக்கும், குடி இருக்காது. அர்த்தம் அவருக்கும் தெரியவில்லை. ஓனர் கரீம் பாய் டார்க் ரூமிலிருந்து கத்தினார்: "பேச்சும் இல்ல, மூச்சும் இல்ல. 'பே'ன்னா இல்லாதது, 'சிராக்'னா வெளக்கு. வெளக்கில்லாத ஊரு. மூணு வருஷமா எங்கூட கீறே, நாலு வார்த்த உருது கத்துக்கல."

விளக்கில்லாத ஊர். எந்தக் குமாஸ்தா எழுதினான்? சாயங்காலம் போய்ப் பார்த்து, ஒரு விளக்குகூட எரியவில்லை என்று குறித்துக்கொண்டானா? பேஜாரில் வரும் 'பே'யும் இதுதானா? பாயிடம் கேட்க வேண்டும்.

17.1, ஞாயிறு

அவுரிமேடு. திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ், பிறகு முக்கால் மணி நேரம் நடை. கரண்டு கம்பம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

தொட்டிகள்! செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. மேல்வரிசை ஆறு, கீழ்வரிசை ஆறு, நடுவே கை நுழைகிற ஓட்டை. நீலச் சாயத்துக்காக மேலே அவுரிச் செடியை ஊறப்போட்டு, தண்ணீரைக் கீழே விட்டு, ஆட்கள் இறங்கி அடித்துக் கலக்குவார்களாம். நகத்தால் சுரண்டினேன். நீலமா, என் ஆசையா, தெரியவில்லை.

தள்ளி, கூரை விழுந்த வீடுகளின் சுவர்கள். ஒரு காலத்தில் தெருவாக இருந்திருக்கும். காலரா என்கிறார்கள்.

குடியில்லாத ஊர் என்றார்கள். பதினோரு வீடு இருக்கிறது! கீத்துக் கொட்டாய்கள், தொட்டி நிழலை ஒட்டி. கீழ்த்தொட்டியில் ஆடு. மேல்தொட்டியில் மல்லாட்டைக் கொடி. எல்லாரும் கிறிஸ்தவர்கள்.

ஆரோக்கியமேரி, முப்பத்தைந்து இருக்கும், கேப்பைக் கூழ் கொடுத்தாள். "குடி தம்பி. பேய் ஊருன்னு பாக்க வந்தியா? நாங்கதான் பேயி." பன்னிரண்டு வருஷம் முன்னால், மாமனார் செத்தபோது, மாதா கோயில் தெரு வழியாகப் பாடை போகக்கூடாது என்று பழைய ஊரில் தகராறு. மறித்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான், சாதிதான் வேறு. அடிதடி. யாருக்கும் வேண்டாத இடம் என்று இங்கே வந்துவிட்டார்கள். ஞானஸ்நானத்துக்கு ஒரே தண்ணீர், பாடைக்கு மட்டும் வேறு தெரு.

கணக்கில் இன்னும் பேச்சிராக்தான். ஊரில் ஆளில்லை, அதனால் மனைப்பட்டா இல்லை. பட்டா இல்லை, ரேஷன் கார்டு இல்லை. கார்டு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. கம்பமும் வராது. விளக்கு இல்லை என்று எழுதிவைத்துவிட்டு, எழுதியிருக்கிறதே என்று விளக்குக் கொடுக்காமலிருக்கிறார்கள். எப்படிப்பட்ட மூளை! மாற்றச் சொல்லி மனு போட்டிருக்கிறார்கள். விசாரணைக்கு ஆள் வரவேண்டுமாம்.

படம் எடுக்க: ஆட்களை விலகி நிற்கச் சொன்னேன். ஆட்டை வெளியே விடச் சொன்னேன். கொடியில் துணியை எடுக்கச் சொன்னேன். குடங்கள், கோழிக்கூடு, எல்லாவற்றையும் சுவருக்குப் பின்னால். கொட்டாய்கள் விழாத கோணம். சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார்கள். 32 படம். அருமையான வெளிச்சம்.

கடைசியில் மேரி: "எங்களையும் ஒண்ணு எடேன்." எல்லாரும் சட்டை மாற்றி, தலைக்குத் தண்ணீர் தொட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ரோலில் நாலுதான் மிச்சம். சாயங்கால வெயிலுக்கு வேண்டும். வெத்து ஃபிளாஷ் அடித்தேன். ஷட்டரைத் தொடாமல் டெஸ்ட் பட்டன் மட்டும், கல்யாண வீட்டில் நச்சரிக்கும் சொந்தக்காரர்களுக்கு அடிப்பதுபோல. பளீர். கை தட்டினார்கள்.

20.1, புதன்

பிரிண்ட் வந்தது. கீழ்த்தொட்டிகள், மேலே காகம் ஒன்று. நான் எடுத்ததிலேயே இதுதான் நல்ல படம். பாய் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "மய்யத்தாங்கொல்ல மாதிரி கீது. அனுப்பு." இடுகாடு மாதிரியாம்; பாராட்டுதான். வாரப் பத்திரிகைக்கு ஆறு படம், அரைப்பக்கக் குறிப்பு. பதினோரு வீடு பற்றியும் எழுதினேன். தபாலில் போட்டாயிற்று.

இரும்பு மாத்திரை வாங்க வேண்டும் (அம்மாவுக்கு). செருப்பு தைக்க வேண்டும்.

28.2, ஞாயிறு

வந்துவிட்டது! நடுப்பக்கம். தலைப்பு: 'விளக்கணைந்த ஊர்: ஆளில்லா அவுரிமேடு'. என் குறிப்பில் மூன்று வரிதான் வைத்திருக்கிறார்கள். பதினோரு வீடு இல்லை. கோபம். பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. சந்தோஷம். இரண்டும் உண்மை. நான்கு பிரதி வாங்கினேன்.

2.3, செவ்வாய்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பதினொரு மணிக்கு மேரி ஸ்டுடியோவுக்கு வந்தாள். கூட இரண்டு பேர். கையில் மனுவின் நகல்.

நேற்று தாலுகா ஆபீஸ் போயிருக்கிறார்கள். கிளார்க் ஃபைலைத் திறந்து காட்டினாராம். உள்ளே பத்திரிகையின் நடுப்பக்கம், குண்டூசி குத்தி. "இங்க பாரும்மா, ஊரு காலின்னு படத்தோட போட்டுகிறாங்க. நீங்க இன்னாடான்னா குடியிருக்கோம்ங்கிறீங்க. வர்ற திங்கக்கெழம ஃபைல முடிக்கப் போறாங்க. அதுக்குள்ள ஏதானா ஆதாரம் இருந்தா கொண்டாங்க."

மேரிக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னை நம்பி வந்திருக்கிறாள். "நீதான் எங்கள நிக்கவெச்சு எடுத்தியே தம்பி. அத ஒண்ணு குடு. பின்னால தொட்டி தெரியும்ல, அதே இடம்னு காட்டிடலாம்."

பிரிண்ட் போடவில்லை என்றேன். சரி, காத்திருக்கிறோம் என்று பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாய்க்கு ஒன்றும் தெரியாது. "குடுப்பா, ஜல்தி. பாவம், பஸ்சு புடிக்கணும்."

அரை மணி நேரம் டார்க் ரூமில் சும்மா நின்றேன். சிவப்பு பல்பு. நெகட்டிவை மறுபடி பார்த்தேன், வேறு வழியே இல்லாததால். 36-லும் ஒரு ஆள் இல்லை. ஒரு ஆடு இல்லை. ஒரு குடம் இல்லை. எல்லாவற்றையும் நானே துடைத்துவிட்டிருக்கிறேன்.

வெளியே வந்து சொன்னேன்.

மேரி: "அப்ப அன்னிக்கி பளீர்னு அடிச்சியே, அது இன்னா?"

"வெறும் லைட்டுதான்க்கா."

"படம் விழல?"

"விழாது."

மனு நகலை நாலாக மடித்தாள். பிறகு கூட வந்தவளிடம், "தலைக்கெல்லாம் தண்ணி தொட்டுக்கினு நின்னோமேடி" என்றாள். என்னைப் பார்த்துத் திட்டியிருந்தால் பரவாயில்லை. எழுந்து போய்விட்டார்கள். பாய் என்னிடம் பேசவில்லை. மத்தியானம் டீ கொடுத்தபோதும் பேசவில்லை.

கிளார்க்கைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஆள், தன் கையில் கிடைத்த படத்தை நம்பினார். படம் என்னுடையது.

4.3, வியாழன்

வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு தாலுகா ஆபீசில் கொடுத்தேன். ஆட்களை நான்தான் விலகச் சொன்னேன், பொருள்களை நான்தான் மறைத்தேன் என்று. கிளார்க் இரண்டு தடவை படித்தார். "இத யாருப்பா கேட்டா? உங்க வேலையையே நீங்க பொய்னு எழுதித் தர்றீங்களே." படத்தோடு வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மனிதர் மோசமில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

7.3, ஞாயிறு

அவுரிமேடு. மூன்று ரோல். ஒன்று பாய் கொடுத்தது. "என் கணக்குல" என்றார், ஐந்து நாளில் முதல் வார்த்தை.

யாரும் கூழ் கொடுக்கவில்லை. ஆட்டை அவிழ்க்கவில்லை, துணியை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவும் நான் வரவில்லை என்றேன். மேரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உள்ள பிலிம் கீதா?"

"கீதுக்கா."

"தொறந்து காட்டு."

"தொறந்தா வெளிச்சம் பட்டு வீணாப் பூடும்."

"போவட்டும்."

திறந்தேன். உச்சி வெயில். பழுப்பு பிலிம் பளபளவென்று. பதினோரு வீட்டு ஜனமும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தது. ஒரு கிழவர் விரலால் தொட்டே பார்த்தார். ஒரு ரோல் காலி. அடுத்ததை அவர்கள் எதிரிலேயே மாட்டினேன்.

யார் எங்கே என்று மேரிதான் சொன்னாள். ஆடு முன்னால். குடம் முன்னால். பின்னால் தொட்டி பன்னிரண்டும் விழவேண்டும். இந்தத் தடவை யாரும் சட்டை மாற்றவில்லை. ஸ்மைல் ப்ளீஸ் என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

"அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன்க்கா."

"இன்னொண்ணு அடி. இத நான் நம்பமாட்டேன்."